தொம்மை விரல் வைத்த இடம்

"மதினி, ஒரு சின்ன விசயம்."

தொம்மை இப்படி ஆரம்பித்த எந்த விஷயமும் இதுவரை சின்னதாக இருந்ததில்லை. போன தடவை இப்படி ஆரம்பித்தபோது வள்ளத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருந்தது.

செலினா டீசல் கேனை வள்ளத்துக்குள் இறக்கிவிட்டுத் திரும்பினாள். "சீக்கிரம் சொல்லு. கோர்ட்டு வந்துட்டு."

உண்மையிலேயே வந்துவிட்டது. கறுப்புக் கோட்டு, தோளில் ஒரு பை, ஒரு கையில் கோப்பு, மறு கையில் செருப்பு. உயர் நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் பூங்கோதை, சிலுவைக்கரையின் மணலில் புதையப் புதைய நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அபிடவிட்டுல, கப்பல் கெடக்குற எடம்னு நான் ஒரு எடம் காட்டுனேன்லா?"

"ஆமா."

"கப்பல் அங்க இல்ல."

செலினா இடுப்பில் கை வைத்தாள். என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த இருதயம் மாமா, பற்றிய தீக்குச்சியை அப்படியே கடலில் போட்டார்.

"பொறவு எங்கல இருக்கு?" என்றாள் செலினா.

"மூணு மைலு வடக்க."

"ஏன்ல அப்படிச் சொன்ன?"

"வக்கீல் குமாஸ்தா எங்கன்னு கேட்டாரு மதினி. யாரும் எங்கன்னு கேட்டா எப்பவும் சொல்லுற மாரி சொல்லிட்டேன்."

தொம்மையைத் திட்டுவதற்கு முன்னால் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். சிலுவைக்கரையில் சங்கு குளிப்பவர்கள் சங்கு கிடைத்த இடத்தைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், ஆனால் வேறு இடத்தை. கிழக்கே கிடைத்தால் தெற்கே என்பார்கள். கேட்பவருக்கும் அது தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போவார். இதைப் பொய் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. பசியோடு இருக்கும்போது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. சிக்கல் என்னவென்றால், குமாஸ்தாவுக்கு இந்த மரியாதை தெரியாது. தொம்மை வரைபடத்தில் விரல் வைத்த இடத்தை அவர் அளந்து, அட்சரேகை தீர்க்கரேகையாக மாற்றி, புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கத்தோடு தட்டச்சு செய்துவிட்டார். தொம்மையும் சத்தியம் செய்து, அழகாகக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

கப்பல் மட்டும் பொய் இல்லை. கார்த்திகை மாதத்துப் புயல் கடலடி மணலைப் புரட்டிப் போட்டிருந்தது. தொம்மை மாசியில் அங்கே குளித்தபோது, அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு பாரின் ஓரத்தில், அதாவது கடலடிப் பாறைத்திட்டின் ஓரத்தில், மரக்கப்பல் ஒன்றின் விலா எலும்புகளைப் பார்த்தான். மூன்று பீரங்கிகள். ஒரு வெண்கல மணி. காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியான வெள்ளிப் பாளங்கள். மணியை மட்டும் தூக்கி வந்து, செலினாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கலெக்டர் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீதும் வாங்கினான். முதலில் கண்டவன் தான்தான் என்று பதியச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுவும் போட்டான்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. தொல்லியல் துறை எங்களுடையது என்றது. சுங்கத் துறை எங்களுடையது என்றது. ஐரோப்பாவிலிருந்து ஒரு குடும்பம், அது எங்கள் கொள்ளுத் தாத்தாவின் கப்பல் என்று மின்னஞ்சல் அனுப்பியது. பழைய ஜமீன் வாரிசு ஒருவர், அதில் வந்த வெள்ளியே எங்கள் அரண்மனைக்குத்தான் என்றார். இருநூறு வருஷமாக யாரும் தேடாத கப்பலை, ஒரே மாதத்தில் ஏழு பேர் தொலைத்திருந்தார்கள்!

ஏழாவது ஆள்தான் ஆபத்தானவர். நீலாழி மீட்பு நிறுவனம். 'இந்தக் கப்பலை நாங்கள் ஜனவரியிலேயே கருவி வைத்துக் கண்டுபிடித்துவிட்டோம். சங்குகுளிக்காரர்கள் எங்கள் இடத்தில் புகுந்து மணியைத் திருடிவிட்டார்கள். எங்களையே முதலில் கண்டவர்களாக அறிவித்து, அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்கு மூன்று வருஷம் யாரும் நுழையத் தடை போட வேண்டும்' என்பது அவர்கள் மனு.

ஐந்து மைல்! சிலுவைக்கரையின் அத்தனை பார்களும் அதற்குள் அடக்கம். நாற்பது வள்ளங்கள் மூன்று வருஷம் மணலில் கிடக்கும். வெள்ளி யாருக்குப் போனாலும் தொம்மைக்குக் கவலையில்லை. கடல் போய்விடக் கூடாது.

இரு தரப்பையும் அழைத்துக்கொண்டு போய் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி நீதிபதி ஆணையரை அனுப்பியிருந்தார். கெடு, இன்று சூரியன் மறையும்வரை.

"வக்கீலம்மாட்ட இப்பமே சொல்லிருவோம்," என்றாள் செலினா. "கால்ல விழுந்தாவது சொல்லிருவோம்."

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். அதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"மேடம், நீங்க எங்க போட்லயே வரலாம். ஏசி இருக்கு. இவங்க வழி காட்ட வேண்டிய அவசியமே இல்ல. ஜனவரியிலேயே நாங்க குறிச்ச இடம், கண்ணை மூடிட்டுப் போவோம்."

நீலாழி நிறுவனத்தின் மேலாளர் ரங்கபாஷ்யம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலுறை. கடலுக்கு வெள்ளைக் காலுறையோடு வந்த மனிதரைச் சிலுவைக்கரை அன்றுதான் பார்த்தது.

"நான் யார் போட்லயும் ஏசிக்காக ஏற முடியாதுங்க," என்றார் பூங்கோதை. "போகும்போது இவங்க வள்ளம், வரும்போது உங்க போட்."

செலினா வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள். வள்ளத்தில் ஏறி, பாலித்தீன் பைக்குள்ளிருந்த வழக்குக் கட்டை அவிழ்த்தாள். வள்ளத்தின் நிர்வாகம், வழக்கின் நிர்வாகம், கொழுந்தன் தொம்மையின் நிர்வாகம் மூன்றும் அவள் தலையில்தான். அண்ணன்காரன் மஸ்கட்டில் நிம்மதியாக இருந்தான். தங்கள் பிரமாணப் பத்திரத்தை ஒரு தொடையிலும் நீலாழியின் மனுவை மறு தொடையிலும் வைத்து, எண்களின் மேல் விரலை ஓட்டினாள்.

இரண்டும் ஒன்று. புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம்வரை ஒன்று!

"எலே, நாம மனு போட்டது எப்போ?"

"பங்குனியில."

"அவங்க போட்டது?"

"அதுக்கு ஒரு மாசம் பொறவு."

செலினா கட்டை மூடினாள். "வாயத் தொறக்காத. அவங்க எங்க போயி நிக்காங்கன்னு பாப்போம். நின்னு எழுதிக் குடுக்கட்டும். அடுத்த நிமிசம் நீயே எந்திரிச்சு உண்மையச் சொல்லணும், என்ன?"

"செயிலுல போட்டுருவாங்களா மதினி?"

"போட்டா சோறு கொண்டாந்து தாரேன். ஏறு!"

வள்ளம் புறப்பட்டது. முன்னால் நீலாழியின் படகு வெள்ளை நுரை கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. பின்னால் இருதயம் மாமாவின் என்ஜின் இருமிக்கொண்டே தொடர்ந்தது. ஆணையர் பூங்கோதை அரை மைல்வரை கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு மைலில் கோட்டைக் கழற்றினார். இரண்டாவது மைலில் வள்ளத்தின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட பொங்கலைக் கடலுக்குக் கொடுத்தார்.

"வக்கீலம்மா, எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க," என்று நீட்டினாள் செலினா. "திரும்பிருவமா?"

பூங்கோதை பழத்தை வாங்கி மூக்கில் அழுத்திக்கொண்டார். "இடத்தைப் பார்க்காம திரும்பினா நான் எதை எழுதறது? போங்க!"

படகு நின்ற இடத்தில் நான்கு பக்கமும் தண்ணீர்தான். ரங்கபாஷ்யம் கருவியைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க மேடம். ஒரு இலக்கம்கூட மாறல. ஜனவரி பன்னிரண்டாம் தேதி எங்க கருவியில கப்பல் தெரிஞ்சது இதே இடத்துலதான்."

"உறுதியா இதே இடமா?"

"நூறு சதவீதம்."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பிறகு அவர்களுடைய முக்குளிப்பாளன் ஹரீந்திரன், முதுகில் காற்று உருளையோடு குதித்தான். இருபது நிமிஷம் கழித்து மேலே வந்தான். கையில் ஒரு பொருள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு காலில்லாத பிளாஸ்டிக் நாற்காலி!

"வெறும் மணல் சார்," என்றான் ஹரீந்திரன். "இது ஒண்ணுதான் இருந்தது."

"மணல் மூடியிருக்கும்! கடல்னா அப்படித்தான்," என்றார் ரங்கபாஷ்யம்.

செலினா தொம்மையை முழங்கையால் இடித்தாள். தொம்மை எழுந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினான்.

"அம்மா, மணல் மூடல. கப்பல் இங்க இல்லவே இல்ல. நான் பொய்யி சொல்லிட்டேன்."

பூங்கோதை எலுமிச்சம்பழத்தைக் கீழே இறக்கினார். "சத்தியப் பிரமாணத்திலயா?"

"அதுலதாம்மா. எங்க ஊருல எடத்த யாரும் சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கத்துல வாயில வந்துட்டு. கோர்ட்டுல அப்படிச் சொல்லப்படாதுன்னு இன்னைக்குக் காலையிலதான் ஒறைச்சுது."

"பார்த்தீங்களா!" ரங்கபாஷ்யம் படகின் விளிம்பில் குதித்தார். "வாயைத் திறந்தா பொய்! குறிச்சுக்குங்க மேடம், ஒவ்வொரு வார்த்தையும் குறிச்சுக்குங்க!"

"குறிச்சுக்கறேன்." பூங்கோதையின் பேனா ஓடியது. பிறகு நின்றது. அவர் தலையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். இவர் வாயில வந்த ஒரு பொய் இடம் இது. இந்த இடத்துல, இவர் சொல்றதுக்கு முன்னாலேயே ஜனவரியில, நீங்க எப்படிக் கப்பலைப் பார்த்தீங்க?"

அலை ஒன்று படகின் பக்கவாட்டில் மோதி, ரங்கபாஷ்யத்தின் வெள்ளைக் காலுறையை நனைத்துவிட்டுப் போனது.

"அது... இவங்களே... கப்பலே இல்ல மேடம்! மொத்தமும் கட்டுக்கதை! மணியை எங்கயாவது காயலான் கடையில வாங்கியிருப்பாங்க!"

பூங்கோதை தொம்மையைப் பார்த்தார். "அவர் சொல்றதுக்கும் என்கிட்ட பதில் இல்லை. கப்பலைக் கண்ணால பார்க்காம நான் எழுதினா, ரெண்டு தரப்பும் பொய்னுதான் எழுதணும். அப்புறம் தடை வரும், எல்லாருக்கும் சேர்த்து. மணி ஒண்ணரை. ஆறரைக்கு இருட்டிடும். கப்பல் எங்கே?"

தொம்மை வடக்கே கையைக் காட்டினான். பிறந்ததிலிருந்து அந்தப் பாரைப் பற்றி அவன் ஒரு வெளியாளிடம் சொன்ன முதல் உண்மை அது.

வள்ளம் வடக்கே திரும்பியபோது மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்துவிட்டது. கரையிலிருந்து தேரிக்காட்டின் சிவப்பு மண்ணை வாரிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் கரையே காணாமல் போனது. திரை கட்டியது போல் ஒரே செம்புழுதி!

இருதயம் மாமா முதல் முறையாக வாயைத் திறந்தார். "கெட்டுது."

"என்ன ஆச்சு?" என்றார் பூங்கோதை.

"எங்ககிட்ட கருவி கெடையாது வக்கீலம்மா," என்றாள் செலினா. "கரையத்தான் குறி பாப்போம். கணியம்னு சொல்லுவோம். கோவில் கோபுரத்துக்குப் பின்னால செல்போன் டவரு மறையணும். அது ஒரு கோடு. தெக்க கலங்கரை விளக்குக்குப் பின்னால உப்பளத்துத் தண்ணித்தொட்டி மறையணும். அது ஒரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துலதான் இவன் பாரு. கரை தெரியலன்னா கணியம் கெடையாது."

பின்னால் வந்த படகிலிருந்து ரங்கபாஷ்யம் கத்தினார். "காத்து ஏறுது மேடம்! இவங்க உங்களைச் சுத்தி அடிக்கறாங்க! திரும்புங்க!"

"அஞ்சு மணிவரை தேடலாம்!" என்று பதிலுக்குக் கத்தினார் பூங்கோதை. கத்திய வேகத்தில் மறுபடி விளிம்பைக் கட்டிக்கொண்டார்.

தொம்மை சும்மா இருக்கவில்லை. ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பி, கயிற்றில் கட்டி இறக்கினான். குண்டு அடியைத் தொட்டது. இரு கை விரிப்பு ஒரு பாகம் என்று கயிற்றை அளந்தபடியே இழுத்தான். சோப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தடவினான்.

"ஒம்பது பாகம். பொடி மணலு. இன்னும் வடக்க!"

மறுபடி இறக்கினான். "ஒம்பது. சேறு. ரொம்ப வெளிய வந்துட்டோம் மாமா, கரைப் பக்கம் ஒடிங்க!"

மறுபடி. மறுபடி. கயிறு உரசி உள்ளங்கை சிவந்தது. நான்கு மணி தாண்டிவிட்டது. அலை வள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. ஆணையர் பூங்கோதை, உயர் நீதிமன்றத்தின் கோப்பை இடுப்பில் சேலையோடு முடிந்துகொண்டு, வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு பாகம்!" என்று தொம்மை கத்தினான். "சிப்பித் தூளு! சிவப்புச் சிப்பித் தூளு! பக்கத்துல வந்துட்டோம்!"

அந்த நேரத்தில் காற்று ஒரு மூச்சு விட்டது. புழுதித் திரை ஓரமாகக் கிழிந்தது. கோபுரம் தெரிந்தது. டவர் அதற்கு ஒரு விரற்கடை வலப்பக்கம்!

"மாமா, தெக்க! கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்! மறைஞ்சிட்டு! மதினி, வெளக்கு?"

"தொட்டி தெரியுது... பாதி தெரியுது... போச்சு! மறைஞ்சிட்டு!"

"போடு நங்கூரத்த!"

நங்கூரம் இறங்கி முடிப்பதற்குள் புழுதி மறுபடி மூடிக்கொண்டது.

பூங்கோதை படகைக் கையசைத்து அழைத்தார். "தொம்மையும் ஹரீந்திரனும் சேர்ந்து இறங்கணும். படம் எடுக்கறது ஹரீந்திரன். எதிர்த்தரப்பு ஆள் எடுத்த படத்தை யாரும் மறுக்க முடியாது இல்லையா? ஒரே ஒரு பொருள் மட்டும் எடுத்துட்டு வாங்க."

இருவரும் குதித்தார்கள். ஹரீந்திரனுக்கு முதுகில் காற்று. தொம்மைக்குக் கண்ணாடியும், கையில் ஒரு கல்லும், நெஞ்சில் பிடித்த மூச்சும்தான். கல் அவனை இழுத்துக்கொண்டு போனது. காது அடைத்தது. பச்சை கறுத்தது. பிறகு அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு விலா எலும்பு நீண்டது. அப்புறம் இன்னொன்று. கப்பல்!

பீரங்கிகளைச் சுற்றி ஹரீந்திரன் நீந்தினான். அவன் விளக்கு மின்னியது. ஒன்று, இரண்டு, மூன்று படங்கள். தொம்மை ஒரு வெள்ளிப் பாளத்தைப் பெயர்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே உதைத்தான். பாதித் தூரத்தில் கீழே பார்த்தான்.

ஹரீந்திரன் வரவில்லை. எங்கோ அறுந்து வந்த மீன்வலை ஒன்று கப்பலின் மேல் கிடந்தது. அது அவன் உருளையைக் கவ்விக்கொண்டது. அவன் திமிறத் திமிற வலை சுற்றியது. வாயிலிருந்த காற்றுக்குழாய் பிடுங்கிக்கொண்டு போனது!

தொம்மையின் நெஞ்சு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மேலே போய் மூச்சு வாங்கி வர நேரம் இருக்குமா? இருக்காது. அவன் தலைகீழாகத் திரும்பினான். சங்கு நெம்பும் கத்தியால் வலையைக் கிழித்தான். ஒரு கண்ணி. இரண்டு. பத்து. கண்ணுக்குள் புள்ளிகள் பறந்தன. குழாயைப் பிடித்து ஹரீந்திரனின் வாயில் திணித்தான். ஹரீந்திரன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, குழாயை எடுத்து தொம்மையின் வாயில் வைத்தான். அப்படி மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே இருவரும் மேலே ஏறினார்கள்.

"அந்தா! ரெண்டு தலை!" என்று செலினா அலறினாள். இருதயம் மாமா ஒரே வீச்சில் இருவரையும் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்.

ஹரீந்திரன் இருமி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. படக்கருவியை ஆணையரிடம் நீட்டினான். "கப்பல் இருக்கு மேடம். பீரங்கி மூணு. எல்லாம் இதுல இருக்கு."

"ஹரி, யோசிச்சுப் பேசு!" படகிலிருந்து ரங்கபாஷ்யம் எச்சரித்தார்.

"யோசிக்க நேரம் கிடைச்சதே இவராலதான் சார்," என்றான் ஹரீந்திரன். "எழுதிக்கங்க மேடம். இந்தக் கப்பலை நான் இன்னைக்குத்தான் முதல் தடவை பாக்கறேன். எங்க கம்பெனியில கடலுக்குள்ள இறங்கறவன் நான் ஒருத்தன்தான்."

தொம்மை பையிலிருந்து பாளத்தை எடுத்து வைத்தான். தேங்காய் அளவுக் கறுப்புக் கட்டி. அதன் ஓரத்தில் ஒரு காசின் விளிம்பு மட்டும் வெள்ளையாக மின்னியது. பூங்கோதை கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: மாலை ஐந்து மணி பத்து நிமிடம். திரும்பும்போது படகில் போக வேண்டிய முறை. அவர் ஏசியைத் தேடிப் போய் உட்கார்ந்தார். அங்கேயும் வாந்தி எடுத்தார். நடுநிலை தவறவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கப்பலும் அதிலுள்ளதும் அரசுக்கு, அருங்காட்சியகத்துக்குப் போகும். முதலில் கண்டவன் தொம்மை. மீட்புக்குரிய பங்கு சிலுவைக்கரை சங்குகுளிச் சங்கத்துக்கு. நீலாழியின் மனு தள்ளுபடி. பொய் மனுவுக்காகத் தனி நடவடிக்கை. ஐரோப்பியக் குடும்பமும் ஜமீன் வாரிசும் சான்று கொண்டு வரும்வரை காத்திருக்கலாம். பொய்ப் பிரமாணத்துக்காக தொம்மை கூண்டில் ஏறி மன்னிப்புக் கேட்டான். நீதிபதி கடுமையாக எச்சரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐந்து மைல் தடை தேவையில்லை. கப்பலைச் சுற்றி நூறு மீட்டர் போதும். ஆனால் திருடர்கள் வருவார்கள். நடுக்கடலில் அதை யார் காப்பது?"

தொம்மை செலினாவைப் பார்த்தான். செலினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். காப்பதென்றால் நாற்பது வள்ளமும் காக்க வேண்டும். நாற்பது வள்ளமும் காக்க வேண்டுமென்றால் நாற்பது வள்ளத்துக்கும் இடம் தெரிய வேண்டும். அவன் ஒருவன் மட்டுமே குளித்த பார். கை வைத்தால் கை நிறையச் சங்கு தரும் பார்.

"நாங்க காவல் காப்போம் அய்யா," என்றான் தொம்மை.

மறுநாள் காலை கரையில் நாற்பது வள்ளத்து ஆட்களும் கூடினார்கள். தொம்மை மீன் ஏலம் விடும் மேடையில் ஏறி, தொண்டையைச் செருமி, கோபுரம், டவர், விளக்கு, தொட்டி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். எட்டு பாகம் ஆழம் என்றான். சிவப்புச் சிப்பித் தூள் என்றான்.

எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.

"சரிலே தொம்மை," என்றார் ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அப்படின்னா தெக்கதான் இருக்கும்."

"நெசமாத்தான் சொல்லுதேன்!"

"நாங்க இல்லன்னா சொன்னோம்?"

செலினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாயால சொன்னா இவங்க மூணு தலைமுறைக்கு நம்ப மாட்டாங்க. கூட்டிட்டுப் போ!"

அப்படித்தான் நாற்பது வள்ளங்களும் அன்று ஒரே வரிசையில் வடக்கே போயின. டவர் கோபுரத்துக்குப் பின்னால் மறைந்தது. தொட்டி விளக்குக்குப் பின்னால் மறைந்தது. தொம்மை நங்கூரம் போட்டான். தன் பாரை ஒருமுறை தனியாகப் பார்த்துக்கொள்வது போல், ஒரு நிமிஷம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆளாக ஒளித்து வைக்கலாம். ஒரு ஆளாகக் காக்க முடியாது. இவ்வளவு சின்ன விஷயம் விளங்க, அவனுக்கு ஒரு கப்பலும் ஒரு உயர் நீதிமன்றமும் தேவைப்பட்டிருந்தன.

"என்னல, எறங்கலாமா?" என்று அடுத்த வள்ளத்திலிருந்து கேட்டார்கள்.

"எறங்குங்க!" என்றான் தொம்மை. "கப்பல்கிட்ட மட்டும் யாரும் போகப்படாது. மத்தது எல்லாம் நம்மளோடதுதான்!"

கண்ணாடியை மாட்டினான். மூச்சை இழுத்துப் பிடித்தான். அவன் குதித்த சத்தம் அடங்குவதற்குள், அவனைச் சுற்றிக் கடல் நாற்பது இடங்களில் தெறித்தது.